ஏழு நாள் பாத்தியதை

ஒரு பொருளை முழுதாக வாங்கலாம். பங்காகவும் வாங்கலாம். அதன் நாட்களை மட்டும் வாங்க முடியுமா என்று கேட்டால் பட்டணத்துக்காரர்கள் யோசிப்பார்கள். எங்கள் தெற்கத்திச் சீமைச் சம்சாரி யோசிக்கமாட்டான். பத்திரப் பெட்டியைத் திறந்து காட்டுவான். இன்ன சர்வே நம்பரில் உள்ள புஞ்சையும், அதிலுள்ள கிணற்றில் நாலில் ஒரு பாகமும், பம்புசெட்டில் நாலில் ஒரு பாகமும் என்று அதில் எழுதியிருக்கும். கிணற்றை நாலாக வெட்டித் தூக்கிக்கொண்டு போக முடியாதல்லவா? ஆகவே நாளை வெட்டிக்கொள்கிறார்கள். இன்று விடிந்ததிலிருந்து நாளை விடிகிற வரைக்கும் தண்ணீர் எனக்கு. மறுநாள் பெரியப்பா வீட்டுக்கு. அதற்கடுத்த நாள், நிலத்தை விலைக்கு வாங்கிய புது ஆளுக்கு. இதற்கு முறை என்று பெயர். தன் முறை நாளில் மின்சாரம் நின்று போனால் அது முறைக்காரனின் தலையெழுத்து. கிணற்றில் தூர் எடுக்க வேண்டுமென்றால் மட்டும் நாலு பேரும் சேர்ந்து செலவு செய்யவேண்டும்.

கோயிலிலும் இதே ஏற்பாடுதான். பத்து நாள் திருவிழா என்றால் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்கோ ஒரு கூட்டத்துக்கோ மண்டகப்படி. அந்த ஒரு நாள் சுவாமி அவர்களுடையவர். பூ, எண்ணெய், மேளம், பிரசாதம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. சித்திரை மாதம் கள்ளழகர் மதுரைக்கு வரும்போது நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்றுதான் வருகிறார். தாத்தா ஏற்றுக்கொண்ட மண்டகப்படியைப் பேரன் லேசில் விட்டுவிடுவதில்லை. பம்பாயில் வேலை பார்த்தாலும் அந்த நாளுக்கு வந்து சேர்ந்துவிடுகிறான். வராவிட்டால் ஊர் கேட்கும்.

நமக்கு இவ்வளவு பழகிப்போன ஒரு சங்கதியை ஐரோப்பாக்காரர்கள் 1960-களில் புதிதாகக் கண்டுபிடித்தார்கள். 1963-ல் சுவிட்ஜர்லாந்தில் ஹாப்பிமாக் என்று ஒரு கம்பெனி ஏற்பட்டது. அங்கத்தினர்களின் பணத்தைத் திரட்டி, விடுமுறை வீடுகள் வாங்கி, அவர்களையே முறை வைத்துத் தங்கவிடுவது அதன் வேலை. பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிச்சறுக்கு ஊரிலும் அதே காலத்தில் அறைகளை வாரக் கணக்கில் விற்றார்கள். 1970-களில் எண்ணெய் நெருக்கடி வந்து, அமெரிக்காவில் புளோரிடாக் கடற்கரையில் கட்டிய வீடுகள் விலை போகாமல் நின்றபோது, முழு வீடாக விற்காததை வாரம் வாரமாக நறுக்கி விற்றார்கள். ஒரே வீட்டுக்கு ஐம்பது சொச்சம் எஜமானர்கள். என் வாரத்தை நீ எடுத்துக்கொள், உன் ஊர் வாரத்தை எனக்குக் கொடு என்று பண்டமாற்றுச் செய்வதற்கென்றே 1974-ல் அங்கே ஒரு கம்பெனி தோன்றிவிட்டது. இந்தச் சரக்கு நம் தேசத்துக்கு வந்து சேர்ந்தது 1980-களில். சென்னையிலேயே 1986-ல் ஒரு கம்பெனி தொடங்கிக் கொடைக்கானல் மலைமேல் கடை விரித்தது. பின்னால் பெரிய பெரிய முதலாளிகள் எல்லாரும் இறங்கினார்கள்.

டைம் ஷேர் என்று இதற்குப் பெயர். 'காலப் பங்கு' என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். ஜாதகத்தில் ஏதோ தோஷம் மாதிரி இருந்தது. ஆகவே டைம் ஷேர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஏற்பாடு இதுதான். சில லட்சங்களை முதலில் கட்டிவிட வேண்டும். அதற்குப் பதிலாக, அநேகமாக 25 வருஷத்துக்கு, வருஷம் 7 நாள் அவர்களுடைய விடுதி ஒன்றில் குடும்பத்தோடு தங்கிக்கொள்ளலாம். வருஷத்தை ஏறு பருவம், இறங்கு பருவம் என்று பிரித்திருப்பார்கள். பள்ளிக்கூடம் மூடியிருக்கும் மே மாதம் வேண்டுமானால் விலை அதிகம், மழைக்காலம் போதுமென்றால் குறைவு. நாம் போனாலும் போகாவிட்டாலும் வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் என்று ஒன்று உண்டு. சாப்பாடும் பிரயாணமும் நம் செலவு.

எங்கள் வீட்டுக்குள் இந்த யோசனை போன வருஷம் நுழைந்தது. வாங்குவதா வேண்டாமா என்பது பணக் கணக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு நாள் யோசித்த பிறகு, பணம் அதில் சின்னப் பகுதி என்று தெரிந்தது. அறுபது வயதான ஒருவன், எண்பத்தைந்து வயதில் தான் இருக்கப்போகிற ஆளையும், நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் போகப்போகிற தன் பிள்ளைகளையும், இன்று ராத்திரி போடுகிற ஒரு கையெழுத்தால் கட்டிப்போடலாமா? அப்படிக் கட்டிப்போடுவது அன்பா, அதிகாரமா? கேள்வி இப்படித் திரும்பிவிட்டது.

விற்பனை நடந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். குலுக்கலில் எங்களுக்குப் பரிசு விழுந்திருப்பதாகவும், புருஷன் மனைவி இருவருமாக ஒரு பெரிய ஹோட்டலுக்கு வந்து அதைப் பெற்றுக்கொள்ள வேண்டுமென்றும் டெலிபோனில் அழைத்தார்கள். இருவரும் சேர்ந்து வரவேண்டும் என்பது கண்டிப்பான நிபந்தனை. தனியாக வந்தால் 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று தப்பித்துவிடுவார்கள் அல்லவா? குளிர்ந்த கூடத்தில் சின்னச் சின்ன மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு தம்பதி, எதிரே கழுத்துப் பட்டை கட்டிய ஒரு பையன். எங்கள் பையனுக்கு என் மகனைவிட வயது குறைவு. நல்ல பிள்ளை. அறையைப் பற்றியோ ஏரியைப் பற்றியோ அவன் பேச்சை எடுக்கவில்லை. காப்பி வந்தது. அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"சார், கடைசியா நீங்க குடும்பத்தோட, கல்யாணம் காட்சி இல்லாம, சும்மா அஞ்சு நாள் சேர்ந்து இருந்தது எந்த வருஷம்?"

நான் கூரையைப் பார்த்தேன். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

அந்தப் பையன் பொய் எதுவும் சொல்லவில்லை. இதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் குடும்பத்தில் உண்மையாகவே இருந்த ஓர் ஓட்டையை அவன் ஒரு கேள்வியில் தொட்டுக் காட்டினான். மகன் பெங்களூரில், மகள் கனடாவில், நாங்கள் இருவரும் குரோம்பேட்டையில். எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே தூங்கியது மகள் கல்யாணத்தின்போதுதான். அதுவும் சத்திரத்துக் கூரை. பையன் பிறகு ஒரு படம் காட்டினான். பனி மூடிய புல்தரையில் ஒரு தாத்தா பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். எங்களுக்குப் பேத்தி இருக்கிறாள். மூன்று வயது. அவள் கையை நாங்கள் பிடித்திருப்பது மொத்தம் பதினெட்டு நாள் என்று என் மனைவி கணக்கு வைத்திருக்கிறாள்.

இன்று ராத்திரிக்குள் கையெழுத்துப் போட்டால் ஒரு தள்ளுபடி உண்டு, நாளைக்குக் கிடையாது என்று கடைசியில் மானேஜர் வந்து சொன்னார். 25 வருஷச் சங்கதியை 25 நிமிஷத்தில் தீர்மானிக்க வேண்டுமாம். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட 'ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்' என்று சொல்லிவிட்டு வருகிற ஜாதி நாம்! ஐரோப்பாவில் இதற்கு 2008-ல் சட்டமே செய்தார்கள். டைம் ஷேர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர், காரணம் சொல்லாமல் 14 நாளுக்குள் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். அந்த 14 நாளில் அவரிடமிருந்து ஒரு காசு வாங்கக்கூடாது. விவரங்களை அவருக்குத் தெரிந்த பாஷையில் கொடுக்கவேண்டும். எங்கள் முன்னால் வைக்கப்பட்ட காகிதம் பொடி எழுத்து இங்கிலீஷில் இருந்தது. ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று சொல்லிவிட்டு, பரிசாகக் கிடைத்த டிபன் காரியரோடு வந்து சேர்ந்தோம்.

கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் கேட்ட தொகை 5 லட்சம். பராமரிப்புக் கட்டணம் வரியோடு வருஷத்துக்கு 22,000. அந்த 5 லட்சத்தை 6.5 சதவீத வட்டிக்குப் பாங்கில் போட்டால் வருஷம் 32,500 வரும். அது போச்சு. ஆக 7 ராத்திரிக்கு 54,500. ஒரு ராத்திரிக்கு 7,700 ரூபாய்க்கு மேல். அந்த விலைக்கு யாருடைய தயவும் இல்லாமல் எந்த மலையிலும் நல்ல அறை கிடைக்கும். தவிர, பாங்கில் போட்டால் 25 வருஷம் கழித்து 5 லட்சம் அப்படியே இருக்கும், இதில் இருக்காது. பராமரிப்புக் கட்டணம் வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறினால்கூடக் கடைசி வருஷத்தில் அது 70,000-ஐத் தாண்டும். ஓட்டல் வாடகையும் ஏறத்தானே செய்யும் என்பார்கள். ஏறும். ஆனால் ஓட்டல் வாடகை பிடிக்காவிட்டால் போகாமல் இருக்கலாம். இங்கே அந்தச் சுதந்திரத்தைத்தான் முதல் நாளே விற்றுவிடுகிறோம். திரும்ப விற்றுக்கொள்ளலாமே என்றால், அமெரிக்காவில் தங்கள் வாரத்தை ஒரு டாலருக்கு விலை கூறியும் ஆள் அகப்படாதவர்கள் இருக்கிறார்கள். வருஷக் கட்டணத்திலிருந்து விடுபடுவதற்காகவே வேறு கம்பெனிகளுக்குப் பணம் கொடுக்கிறவர்களும் உண்டு. கிணற்றில் நாலில் ஒரு பாகத்தை நிலத்தோடு விற்றால் எங்கள் ஊரில் போட்டி போட்டுக்கொண்டு வாங்குவார்கள்.

இதையெல்லாம் எழுதிக் காட்டியதும் பிரச்னை தீர்ந்தது என்று நினைத்தேன். என் மனைவி காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். கூட்டல் சரியாக இருக்கிறது என்றாள்.

"ஆனா, சும்மா விட்டா நீங்க எங்கேயும் கிளம்பமாட்டீங்களே! முப்பத்துநாலு வருஷமா பார்க்கிறேன். 'அடுத்த வருஷம்'னு நீங்க சொல்றது எனக்கு ஒரு ஊர்ப் பேர் மாதிரி ஆயிட்டுது. போகணும் போகணும்னு இருக்கோம், வண்டி மட்டும் அங்கே போகமாட்டேங்குது. பணத்தைக் கட்டிட்டா, வீணாப் போகுதேன்னாவது கிளம்புவீங்க."

இந்த வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. எல்லாத் தேசத்து ஞானிகளும் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். நல்லது எது என்று தெரிந்திருந்தும் மனிதன் செய்வதில்லை. ஆகையால் தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொள்ள ஏதாவது கயிறு தேடுகிறான். சீட்டுக் கட்டுவது அப்படி ஒரு கயிறுதான். கையில் இருந்தால் செலவாகிவிடும் என்று தெரிந்துதானே மாதா மாதம் இன்னொருவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்? நேர்த்திக்கடனும் அப்படித்தான். பிள்ளைக்குப் பழனியில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிராவிட்டால் நம் முன்னோர்களில் பாதிப்பேர் சொந்த ஊர் எல்லையைத் தாண்டியே இருக்கமாட்டார்கள். முருகனுக்குக் கடன்பட்டிருந்ததால் மாட்டு வண்டி பூட்டினார்கள்.

தனக்குத்தானே கொடுத்துக்கொள்கிற வாக்கில் ஒரு கோளாறு உண்டு. கடன் கொடுத்தவனும் நான், வாங்கினவனும் நான். திருப்பிக் கொடுக்கமுடியவில்லை என்று நான் கெஞ்சினால், போனால் போகிறது என்று நானே தள்ளுபடி செய்துவிடுவேன். அதனால்தான் வெளியே ஒரு ஆள் தேவைப்படுகிறான்: சீட்டுக்காரர், முருகன், இப்போது டைம் ஷேர் கம்பெனி. இந்த வரைக்கும் என் மனைவி சொன்னது முழுக்க நியாயம்.

ஆனால் கம்பெனி நம்மிடம் எதை வற்புறுத்தும்? பணம் கட்டுவதை வற்புறுத்தும். போவதை வற்புறுத்தாது. இந்த இடத்தில்தான் எனக்கு மண்டகப்படி ஞாபகம் வந்தது. மண்டகப்படிக்காரன் அன்று வராவிட்டால் சுவாமியின் பல்லக்கு மண்டபத்து வாசலில் நின்றுவிடும். நாதஸ்வரக்காரர் வெறும் வாயோடு நிற்பார். ஊருக்கே குறை. டைம் ஷேர் விடுதிக்கு நாம் போகாவிட்டால் யாருக்குக் குறை? அந்த அறையை அவர்கள் வேறொருவருக்கு வாடகைக்கு விடலாம். நாம் வராதது அவர்களுக்கு ஆதாயமாகக்கூட இருக்கும். அதோடு இன்னொன்று: போகாத நாட்களை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம் என்று பல திட்டங்களில் ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள். அதாவது 'அடுத்த வருஷம்' என்ற என் வியாதிக்கு மருந்து தேடிப் போனால், அங்கே அதற்கு அச்சடித்த பாரமே தயாராக இருக்கிறது!

எல்லாருக்கும் இது ஆகாது என்று நான் சொல்லவரவில்லை. என் பெரியப்பா மகன் 1998-ல் ஒன்று வாங்கினார். அப்போது அவருடைய இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். மாதச் சம்பளம், நிச்சயமான மே மாத லீவு, ஒரே வீட்டில் நாலு பேர். டைம் ஷேர் என்பதே அப்படிப்பட்ட குடும்பத்தை மனத்தில் வைத்து வெட்டிய சட்டை. 2023-ல் அவருடைய 25 வருஷம் முடிந்தது. எப்படி அண்ணே என்று கேட்டேன்.

"பிள்ளைங்க காலேஜுக்குப் போற வரைக்கும் காசுக்கு மேல அனுபவிச்சோம் தம்பி. அப்புறம் ஒரு வருஷம் மூத்தவன் வருவான், இளையவன் வரமாட்டான். 2020-ல யாரும் எங்கேயும் போகலை. கடைசியில நானும் உன் மதினியும் மட்டும் அவ்வளவு பெரிய ரூம்ல ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம்" என்றார்.

இதை வீட்டில் வந்து சொன்னேன். "அதுல என்ன தப்பு?" என்று கேட்டாள் என் மனைவி.

அண்ணனின் சட்டை பத்து வருஷத்துக்குப் பொருத்தமாக இருந்தது. மீதிப் பதினைந்து வருஷம் உடம்பு மாறிவிட்டது. எங்களுக்கோ ஆரம்பத்திலேயே உடம்பு அந்த அளவில் இல்லை. மகனிடம் பேசினோம். "உங்களுக்குப் பிடிச்சிருந்தா வாங்குங்கப்பா. எங்களுக்காகன்னு மட்டும் வாங்காதீங்க" என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் என் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளைக்குப் பலகாரம் செய்துகொண்டு போய், வேண்டாம் என்று அவன் கதவைச் சாத்தியதுபோல் அவளுக்கு இருந்தது.

நான் மகன் பக்கத்தையும் யோசித்துப் பார்த்தேன். வெள்ளிப் பாத்திரத்தைப் பரிசாகக் கொடுத்தால் பரணில் போட்டுவிடலாம். வருஷத்தில் ஏழு நாளைப் பரிசாகக் கொடுத்தால், அந்த ஏழு நாளை அவன் அல்லவா எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்? அவனுக்கு லீவு இருக்கவேண்டும். மருமகளுக்கும் அதே நாட்களில் லீவு இருக்கவேண்டும். அவளுக்கும் ஒரு தாய் வீடு உண்டு. அவர்களும் மே மாதத்தைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் பணத்தைக் கட்டிவிட்டு, சம்பந்தி வீட்டாரின் மே மாதத்தில் வேலி போட்டுவிட்டோம் என்று ஆகாதா? வராத வருஷம் அவன் ஒரு குற்றவாளியாக டெலிபோன் செய்வான். வந்த வருஷம், வந்ததற்காக நாங்கள் அவனுக்கு நன்றி பாராட்டுவோம். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பெற்றவர்கள் பிள்ளைகளிடம் நேரத்தைக் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். கேட்டு, இல்லை என்றால் வருத்தப்படவும் வேண்டும். அந்த வருத்தத்துக்குப் பயந்துகொண்டு முன்கூட்டியே ரசீது போட்டு வாங்கிவைத்துக்கொள்ள முடியாது.

மலைகளும் 25 வருஷம் ஒரே மாதிரி இருக்கப்போவதில்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் வாங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே மாதத்திலிருந்து ஏற்பாடு செய்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையும் கட்டினார்கள். மலையே முறை வைக்க ஆரம்பித்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் குறைந்தால் முறை நேரத்தைக் குறைப்பார்களே, அந்த மாதிரி.

இவ்வளவும் ஆன பிறகு, சாமர்த்தியமாக ஒரு மாற்று யோசனை சொன்னேன். தென்காசிப் பக்கம் என் மைத்துனர் வீடு இருக்கிறது. பெரிய வீடு, தோட்டம், பக்கத்தில் குற்றாலம். வருஷா வருஷம் சாரலுக்கு எல்லாரும் அங்கே கூடினால் என்ன? அங்கே போனால் நமக்காகக் காத்திருக்க ஆள் உண்டு. போகாவிட்டால் 'ஏன் வரவில்லை' என்று கேட்கவும் ஆள் உண்டு. நம் காலத்தில் பாட்டி வீட்டுக்குப் போனோமே, அதைவிடவா ஒரு ரிசார்ட்டு? கொஞ்சம் உணர்ச்சியோடுதான் பேசினேன் என்று நினைக்கிறேன்.

என் மனைவி கடைசி வரை கேட்டாள்.

"உங்களுக்கு அது லீவு. எங்க அண்ணன் வீட்டுக்குப் போனா நானும் மதினியும் அடுப்படியில நிற்போம். பன்னிரண்டு பேருக்கு இட்லி ஊத்தி முடிக்கும்போது மத்தியானச் சமையல் வந்துடும். உங்க பாட்டி வீட்டுல நீங்க ஆத்துல குளிச்சீங்க, மாங்காய் அடிச்சீங்க. உங்க பாட்டி என்னிக்காவது ஆத்துக்கு வந்தாங்களா? அந்த ஓட்டல்ல பையன் வந்து காப்பியைக் கொண்டாந்து மேசை மேல வச்சான் பாருங்க, அப்பதான் எனக்கு இதை வாங்கிடலாம்னே தோணிச்சு."

பாட்டி ஆற்றுக்கு வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நானும் என் தலைமுறை எழுத்தாளர்களும் பாட்டி வீட்டுக் கோடை விடுமுறையைப் பற்றிப் பக்கம் பக்கமாக உருகியிருக்கிறோம். அந்த வீட்டில் விடுமுறை இல்லாத ஒரே ஜீவன் அந்தப் பாட்டிதான் என்பதை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. முப்பது பேர் வந்து இறங்குகிற மே மாதம் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? விடுதிக்காரர்கள் விற்கிற சரக்கில் கலப்படம் எவ்வளவோ இருக்கலாம். ஆனால் ஒரு குடும்ப ஸ்திரீ ஏழு நாள் அடுப்பைப் பார்க்காமல் இருக்கலாம் என்கிற ஒரு பொருள் அதில் சுத்தமானது. நம்முடைய மண்டகப்படியிலும் கிணற்று முறையிலும் அது கிடையாது. பழசைப் புகழ்கிறபோது இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆகவே கேள்வி மறுபடியும் திரும்பியது. பிள்ளைகளைக் கட்டிப்போடுவதைப் பற்றி இத்தனை நாள் யோசித்தேன். அவளுக்கு வேண்டியிருந்தது நான் ஒருவன் கட்டுப்படுவது. நான் எனக்கே கொடுக்கும் வாக்கு நிற்காது என்பது நிரூபணமாகிவிட்டது. கம்பெனிக்குக் கொடுக்கும் வாக்கோ, உடம்பு படுத்தாலும் ஊரில் சாவு விழுந்தாலும் இரக்கம் பார்க்காது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு: எதிரே உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷிக்குக் கொடுக்கும் வாக்கு. நியாயமான காரணம் இருந்தால் அவள் விட்டுக்கொடுப்பாள். சாக்குச் சொன்னால் கண்டுபிடிப்பாள். விடுவிக்கிற அதிகாரம் வாக்குக் கொடுத்தவனிடம் இல்லாமல் வாங்கினவளிடம் இருக்கவேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

5 லட்சத்தை பாங்கிலேயே விட்டுவைத்தோம். டைம் ஷேருக்கு வருஷம் ஆகியிருக்கக்கூடிய 54,000 சொச்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 4,500 ரூபாய் என் மனைவி பேரில் ரெக்கரிங் டெபாசிட்டாகக் கட்டி வருகிறேன். எந்த ஊர், எந்த மாதம், யார் யார் என்பது அவள் தீர்மானம். பிள்ளைகளைக் கூப்பிட வேண்டுமென்றால் அவள் கூப்பிடுவாள், வந்தால் வரட்டும். அந்தப் பணத்தை வீட்டுச் செலவுக்கு எடுக்கக்கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. இதையும் அவள்தான் போட்டாள். பையனுக்கு டெலிபோன் செய்து, வேண்டாம் தம்பி என்றேன். காரணம் கேட்டான். சொன்னால் நேரமாகும் என்றேன்.

டெபாசிட் முதிர்ந்த வருஷம் ஜூலையில் சாரல் நன்றாக விழுந்தது. ஒருநாள் என் மனைவி பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். நானும் என் சால்வையையும் இரண்டு புத்தகங்களையும் எடுத்து வைத்தேன். புத்தகங்களை எடுத்து மறுபடி என் மேஜைமேல் வைத்துவிட்டு, தானும் தங்கையும் மட்டும் குற்றாலம் போவதாகச் சொன்னாள். லாட்ஜில் ரூம் சொல்லியாகிவிட்டதாம். அண்ணன் வீட்டுக்குத் தெரியக்கூடாதாம்; தெரிந்தால் சாப்பிட வரச் சொல்வார்கள், போனால் அடுப்படிதான். பணம் கட்டினவன் என்ற முறையில் எனக்கு ஏதாவது பாத்தியதை உண்டா என்று கேட்டுப் பார்த்தேன்.

"பாஸ்புக்குல யார் பேர் இருக்கு?" என்றாள்.

நாலு நாள் நானே சமைத்தேன். சோறு ஒரு நாள் குழைந்தது, ஒரு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் பத்து மணிக்கு டெலிபோன் செய்தாள். காலையில் எட்டரைக்குத்தான் எழுந்தாளாம். பையன் காப்பி கொண்டுவந்தானாம், காப்பி நன்றாக இல்லையாம். இன்னொன்று கேட்டால் அதையும் கொண்டுவருகிறானாம். ஐந்தருவியில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று கேட்டேன். நன்றாக விழுகிறது என்று லாட்ஜில் எல்லாரும் சொல்கிறார்கள், இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்றாள்.